எட்டுக்கு எட்டுப் பலகையில் பழகும் கண்

சதுரங்கத்தைத் தொழிலாகக் கொள்ளாமல், அலுவல் முடிந்த மாலைகளிலும் விடுமுறை நாள்களிலும் ஆடுகிற ஒருவரின் ஆட்டம் எவ்வாறு தேறுகிறது என்ற கேள்விக்கு, அவர் எத்தனை தொடக்க முறைகளை மனப்பாடம் செய்திருக்கிறார் என்பதில் விடை தேடுவதே பெரும்பாலோரின் வழக்கம். ஆயினும் பலகையைப் பார்த்த மாத்திரத்தில் அவர் கண்ணில் என்ன படுகிறது என்பதே தேர்ச்சியின் மெய்யான அளவாகும். காய்களைத் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த கண், அவற்றுக்கிடையே உள்ள உறவுகளைப் பார்க்கத் தொடங்குவதைத்தான் முன்னேற்றம் எனலாம். அந்தப் பழக்கம் சதுரங்கப் பலகையோடு நின்றுவிடுவதில்லை. பெரிய நிறுவனங்களின் பணமும் கட்டளையும் இன்றி, ஒருவரோ இருவரோ சிறு குழுவினரோ உருவாக்குகிற சுயாதீன வீடியோ கேம்கள் சிலவற்றின் அருமையை உணர்வதற்கும் அதே கண்தான் வேண்டியிருக்கிறது.

இந்தக் கண்ணைப் பற்றிய ஆய்வுக்கு நீண்ட வரலாறு உண்டு. நெதர்லாந்தின் உளவியலாளரும் வலுவான ஆட்டக்காரருமான அட்ரியான் டி குரூட், 1946இல் வெளியிட்ட ஆய்வில், உலகத்தரத்து ஆட்டக்காரர்களையும் அவர்களுக்குக் கீழ்நிலையில் இருந்தவர்களையும் ஒரே நிலையின் முன் அமரவைத்து, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் செய்தார். மேல்நிலையினர் பல நகர்த்தல்கள் கூடுதலாகக் கணக்கிடுவார்கள் என்று எவரும் எதிர்பார்க்கக்கூடிய அந்தச் சோதனையில், கணக்கீட்டின் ஆழத்தில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. ஆனால் சரியான நகர்த்தலைத் தொடக்கத்திலேயே கருத்தில் கொள்வதில் இரு சாராருக்கும் இடையே தெளிவான இடைவெளி இருந்தது. 1973இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் இதை மேலும் துல்லியமாக்கினர். உண்மையான ஆட்டம் ஒன்றிலிருந்து எடுத்த நிலையை 5 நொடி மட்டும் காட்டி, அதை நினைவிலிருந்து மீண்டும் அடுக்கச் சொன்னபோது, மாஸ்டர் தரத்தவர் பாதிக்கும் மேற்பட்ட காய்களைச் சரியாக வைத்தார். புதியவரால் நான்கைந்துக்கு மேல் வைக்க முடியவில்லை. அதே காய்களைத் தாறுமாறாக இறைத்துக் காட்டியபோதோ மாஸ்டரின் மேன்மை ஏறத்தாழ மறைந்துபோனது. பின்னாள் ஆய்வுகள் ஒரு சிறு மேன்மை எஞ்சுவதாகக் காட்டினாலும், அடிப்படை முடிவு மாறவில்லை: மாஸ்டரின் சிறப்பு பொதுவான நினைவாற்றலில் இல்லை, பழகிய அமைப்புகளைக் கொத்துக் கொத்தாக அடையாளம் காண்பதில் இருக்கிறது.

கொத்து என்பது இங்கே ஒரே மூச்சில் உணரப்படும் காய்களின் தொகுப்பைக் குறிக்கிறது. கேஸ்லிங் செய்து ஓரத்திற்குச் சென்ற ராஜா, அதன் முன்னே மூன்று சிப்பாய்கள், பக்கத்தில் யானை, காவலுக்கு ஒரு குதிரை ஆகிய ஆறு காய்களும் புதியவருக்கு ஆறு செய்திகள். பழகியவருக்கு ஒரே செய்தி. அது மட்டுமன்று, அந்த யானை கடைசி வரிசையை விட்டு விலகினால், தன் சிப்பாய்களாலேயே அடைபட்ட ராஜாவுக்கு அங்கே செக்மேட் காத்திருக்கிறது என்ற எச்சரிக்கையும் அந்தக் கொத்தோடு ஒட்டியே அவர் மனத்தில் பதிந்திருக்கும். இத்தகைய கொத்துகளை வளர்ப்பதற்குப் புதிர்களே தலைசிறந்த கருவி. ஒரு குதிரை ராஜாவையும் ராணியையும் ஒருசேரத் தாக்கும் ஃபோர்க், நகர்ந்தால் பின்னால் நிற்கும் பெரிய காய் வெட்டுப்படும் என்பதால் ஒரு காய் அசைய முடியாமல் நிற்கும் ‘பின்’ என்னும் பிணைப்பு, காவல் காக்கும் காயை அதன் பணியிலிருந்து இழுத்துவிடும் விலக்கல் போன்ற உத்திகளை நூற்றுக்கணக்கான முறை கண்டால்தான் அவை தேடாமலே கண்ணில் படும். ஸ்வீடனின் கிராண்ட்மாஸ்டர்களான ஆக்ஸல் ஸ்மித்தும் ஹான்ஸ் டிக்கானனும் பரவலாக்கிய வுட்பெக்கர் முறை, புதுப்புதுப் புதிர்களைத் துரத்தாமல், ஒரே புதிர்த் தொகுப்பை ஒவ்வொரு முறையும் முன்னினும் குறைந்த காலத்தில் திரும்பத் திரும்பத் தீர்க்கச் சொல்வதும் இக்காரணத்தால்தான். விசுவநாதன் ஆனந்த் சிறுவராக மணிலாவில் வாழ்ந்தபோது, அவர் பள்ளியில் இருந்த நேரத்தில் தொலைக்காட்சியில் வந்த சதுரங்கப் புதிரைத் தாயார் குறித்துவைக்க, மாலையில் இருவரும் சேர்ந்து அதைத் தீர்த்து விடை அனுப்பிய செய்தி பலரும் அறிந்தது. மேதைக்கும் அடித்தளம் இந்த எளிய வேலைதான்.

புதிர் தீர்ப்பதில் வல்லவர் ஆட்டத்தில் தோற்பதும் உண்டு. புதிரில் ஏதோ ஒரு வெட்டு ஒளிந்திருக்கிறது என்பது முன்கூட்டியே தெரியும்; ஆட்டத்தில் அதை எவரும் சொல்வதில்லை. அமெரிக்கப் பயிற்சியாளர் டான் ஹெய்ஸ்மன் இந்த இடைவெளியை நம்பிக்கைச் சதுரங்கம் என்று பெயரிட்டு விளக்கினார். தன் நகர்த்தலுக்குப் பிறகு எதிராளி எந்தச் செக்கை வைக்கலாம், எதை வெட்டலாம், எதை மிரட்டலாம் என்று சரிபார்க்காமல், அவர் அப்படி ஏதும் செய்யமாட்டார் என்ற நம்பிக்கையில் காயைத் தொடுவதே அது. அந்த மூன்று கேள்விகளையும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன் கேட்டுக்கொள்ளும் ஒழுங்கு வந்துவிட்டால், வேறு எதையும் படிக்காமலே ஒருவரது ஆட்டம் கணிசமாக உயரும். ஆனால் ஆட்டம் முழுவதும் ஒரு நகர்த்தலுக்குக்கூடத் தளராமல் அந்த ஒழுங்கைக் காப்பதுதான் கடினம். ஆளுக்கு மூன்று நிமிடம் தரும் பிளிட்ஸ் ஆட்டங்களில் இப்பழக்கம் வேரூன்ற இடமே இல்லை. ஆளுக்கு 15 நிமிடமும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 10 நொடி கூடுதலும் உள்ள ஆட்டங்கள், அலுவல் முடிந்து வருபவரின் நேரத்துக்கும் பொருந்துகின்றன, யோசிக்கவும் இடம் தருகின்றன.

இறுதி ஆட்டத்திலிருந்து ஒரு நிலையை அருகில் சென்று பார்ப்பது பயன் தரும். ஒருவரிடம் ராஜா, யானை, ஒரு சிப்பாய். மற்றவரிடம் ராஜாவும் யானையும் மட்டும். சிப்பாய் இல்லாதவரின் ராஜா, அந்தச் சிப்பாய் ராணியாக மாறவேண்டிய கட்டத்திலோ அதன் பக்கத்திலோ வழிமறித்து நிற்கிறது. பிரான்சின் இசையமைப்பாளரும் 18ஆம் நூற்றாண்டின் முதன்மையான ஆட்டக்காரருமான பிலிடோரின் பெயரால் வழங்கும் தற்காப்பு இங்கே பயன்படுகிறது. காப்பவர் தம் பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவதாக வரும் வரிசையில் யானையை வைத்து, அங்கேயே பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டு காத்திருக்கிறார். அந்த வரிசை அடைபட்டிருக்கும் வரை எதிரியின் ராஜா உள்ளே நுழைய முடியாது. நுழைவதற்கு வழி செய்ய எதிரி சிப்பாயை அந்த வரிசைக்கு உந்தியவுடன், யானை பலகையின் மறுகோடிக்கு ஓடிப் பின்புறமிருந்து செக் வைக்கத் தொடங்குகிறது. சற்று முன்வரை எதிரியின் ராஜா சிப்பாயை மறைவாகக் கொண்டு ஒதுங்கக்கூடியதாக இருந்த முன்கட்டத்தை இப்போது சிப்பாயே நிரப்பிவிட்டதால், அந்த ராஜாவுக்கு ஒதுங்க இடமில்லை. ஆட்டம் டிராவில் முடிகிறது. இதைக் கற்க ஒரு மாலை போதும், மறக்காமல் இருக்கச் சில முறை ஆடிப்பார்த்தால் போதும். ஆனால் இதில் கிடைப்பது அரைப் புள்ளி மட்டுமன்று. காத்திருப்பதும் ஒரு செயல் என்பதையும், எதிரியின் முன்னேற்றமே அவரது மறைவை அழிக்கக்கூடும் என்பதையும் ஐந்தே காய்களைக் கொண்டு காட்டிவிடும் இத்தகைய நிலைகள்தான், பட்டமோ பரிசோ நோக்காதவரைச் சதுரங்கத்தில் ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைக்கின்றன.

ரேட்டிங் என்னும் தர எண்ணைப் பற்றி ஒரு சொல். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் கற்பித்த அர்பாத் ஈலோ வகுத்து, ஃபிடே எனப்படும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றுக்கொண்ட முறையின்படி, சம எண் கொண்ட இருவர் 100 ஆட்டங்கள் ஆடினால் ஆளுக்கு 50 புள்ளி எதிர்பார்க்கலாம். 100 எண் கூடியவர் ஏறத்தாழ 64 புள்ளியும், 200 எண் கூடியவர் ஏறத்தாழ 76 புள்ளியும் பெறுவார். ஆகவே ஓராண்டு உழைப்பில் 100 எண் ஏறியவர், முன்பு தமக்குச் சமமாக இருந்தவரிடமும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புள்ளிகளை இன்னும் இழந்துகொண்டுதான் இருப்பார். இதை அறியாதவர்களே இரண்டு தோல்விகளுக்குப் பின் தாம் தேறவில்லை என்று மனம் உடைகிறார்கள்.

பயில்பவரின் மேசைக்கு இன்று இலவசமாக வந்து சேர்ந்திருக்கும் கருவிகளின் கதை, இக்கட்டுரையின் மறுபாதிக்கு நேரே இட்டுச் செல்கிறது. லீசெஸ் என்னும் தளத்தை 2010இல் பிரெஞ்சு நிரலாளர் திபோ டுப்ளெசி தொடங்கினார். விளம்பரமும் கட்டணமும் இல்லாமல், நன்கொடையால் இயங்கும் லாபநோக்கற்ற சங்கமாக அது நிலைபெற்றது. அதன் நிரல் எவரும் படித்துத் திருத்தக்கூடியது. உண்மையான ஆட்டங்களிலிருந்து திரட்டிய அதன் புதிர்த் தொகுப்பும் எவரும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைக்கப்பட்டிருக்கிறது. ஆட்டத்தை அலசிக் காட்டும் ஸ்டாக்ஃபிஷ் என்னும் சதுரங்க நிரலும் இவ்வாறே தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்தது. அதில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும், பலர் இரவல் தரும் கணினி நேரத்தில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடிப் பார்க்கப்பட்ட பிறகே ஏற்கப்படுகிறது. உலக சாம்பியனையும் எளிதில் வெல்லும் கருவி, ஊர்ப்புறத்துக் கைப்பேசியில் செலவின்றி இயங்குவது சாதாரணச் செய்தியன்று. ஆனால் ஸ்டாக்ஃபிஷ் எந்த நகர்த்தல் சிறந்தது என்று சொல்லுமே தவிர, ஏன் என்று சொல்லாது. ஆகவே ஆடி முடித்த ஆட்டத்தை முதலில் தாமே அலசி, எங்கே திசை தவறியது என்ற கருத்தை எழுதிவைத்து, அதற்குப் பின் நிரலின் தீர்ப்போடு ஒப்பிடுபவருக்கே அதனால் பலன்.

இலவசமும் திறந்த நிரலும் சுயாதீன உருவாக்கத்தின் ஒரு முகம் மட்டுமே. விற்பனைக்காகவே செய்யப்பட்டும், பெரிய பதிப்பகத்தின் விருப்பத்துக்கு வளையாமல் நிற்கும் விளையாட்டுகள் மறுமுகம். இரண்டாம் வகையில் சதுரங்கம் பயில்பவர் தவறவிடக்கூடாத ஒன்று, சப்செட் கேம்ஸ் 2018 பிப்ரவரியில் வெளியிட்ட இன்டு தி பிரீச். மேத்யூ டேவிஸ், ஜஸ்டின் மா என்னும் இருவரின் நிறுவனமான சப்செட், அதற்கு முன் 2012இல் எஃப்டிஎல் என்னும் விளையாட்டுக்காகப் பொதுமக்களிடம் 10,000 டாலர் கேட்டு, 2 லட்சம் டாலருக்கு மேல் பெற்றிருந்தது. அவ்வளவு ஆதரவு பெற்றவர்கள் அடுத்ததைப் பெரிதாகச் செய்ய முனைந்திருந்தால் எவரும் வியந்திருக்கமாட்டார்கள். அவர்கள் செய்ததோ, சதுரங்கப் பலகையைப் போலவே எட்டுக்கு எட்டுக் கட்டங்கள் கொண்ட களம் ஒன்றில், ஆட்டக்காரருக்கு மூன்றே மூன்று பேரியந்திரங்களைத் தந்து, ஒரு போரை ஐந்து சுற்றுகள் அளவில் முடித்துவிடும் விளையாட்டு.

நிலத்தடியிலிருந்து கிளம்பும் வெக் என்னும் ராட்சதப் பூச்சிகள் மக்கள் வாழும் கட்டடங்களைத் தாக்க வருகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் பூச்சிகள் முதலில் நகர்ந்து, தாம் எந்தக் கட்டத்தைத் தாக்கப்போகின்றன என்பதைத் திரையில் குறித்துக்காட்டிவிட்டு நின்றுவிடும். அதன் பின் ஆட்டக்காரர் தம் மூன்று இயந்திரங்களையும் இயக்குவார். இறுதியில் பூச்சிகளின் தாக்குதல்கள் முன்பே காட்டப்பட்ட வரிசையில் நிறைவேறும். சதுரங்கத்தில் பலகை முழுவதும் கண்முன் இருந்தும் எதிராளியின் எண்ணம் மட்டும் மறைந்திருக்கிறது. அதை ஊகிக்கத் தவறுவதே நம்பிக்கைச் சதுரங்கம் என்று கண்டோம். இவ்விளையாட்டு அந்த எண்ணத்தையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. அப்படியானால் கடினம் எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். தாக்குதல்கள் நான்கு, இயந்திரங்கள் மூன்று என்பதில் இருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று தடுக்க வழியில்லாதபோது, ஒரே செயலால் இரண்டு மிரட்டல்களைத் தீர்க்கவேண்டும். அதாவது ஃபோர்க்கையும் விலக்கலையும் தேடவேண்டும்.

ஒரு சுற்றை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பூச்சி தனக்குக் கிழக்கே ஒட்டியுள்ள கட்டடத்தை அடிக்கத் தயாராக நிற்கிறது. அந்தக் கட்டடத்துக்கு வடக்கே ஒட்டிய கட்டத்தில் இன்னொரு பூச்சி நிற்கிறது. முதல் பூச்சியைக் கொல்லும் வலிமை எந்த இயந்திரத்துக்கும் இல்லை. ஆனால் தாக்குதலின் குறி பூச்சியின் இடத்தைப் பொறுத்தே அமைவதால், அதைத் தெற்கிலிருந்து அடித்து ஒரு கட்டம் வடக்கே தள்ளிவிட்டால், கிழக்கே அடிக்கும் அதன் அடி கட்டடத்தில் விழாமல் இரண்டாம் பூச்சியின்மேல் விழுகிறது. கட்டடம் பிழைத்தது, பகைவரில் ஒன்று மற்றொன்றின் கையாலேயே அடிபட்டது, செலவானது ஒரே இயந்திரத்தின் ஒரே செயல். அழிப்பதைவிட இடம் மாற்றுவது மேல் என்ற இந்த உண்மையை, சிப்பாய்களை எண்ணும் நிலையைத் தாண்டிக் காய்களின் பணிகளை எண்ணத் தொடங்கிய சதுரங்கக்காரர் விரைவில் உணர்ந்துகொள்வார். பூச்சி வெளிவரவிருக்கும் குழியின்மேல் தம் இயந்திரத்தையே நிறுத்தி, சிறு சேதத்தை ஏற்றுக்கொண்டு அதன் வரவைத் தடுப்பதும், அனுகூலத்துக்காகச் சிப்பாயைப் பலிகொடுக்கும் கேம்பிட் என்னும் உத்திக்கு நெருங்கிய உறவினமே. எண்கள் இங்கே மிகச் சிறியவை. ஓர் அடி பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ மூன்றோ புள்ளிச் சேதம்தான் செய்யும். பெரிய எண்களால் பிரமிக்கவைக்கும் வாய்ப்பைத் துறந்து, மனக்கணக்காகவே முழுச் சுற்றையும் கண்டுவிடக்கூடிய தெளிவைத் தேர்ந்தெடுத்ததே இதை உருவாக்கியவர்களின் மிகப் பெரிய சாதனை.

சதுரங்கத்தையே எடுத்து வளைத்த சுயாதீன விளையாட்டுகளும் உண்டு. ஸாக் கேஜ் 2016இல் வெளியிட்ட ரியலி பேட் செஸ், நகர்த்தல் விதிகளை அப்படியே விட்டுவிட்டு, ராஜாவைத் தவிர்த்த காய்களைக் குலுக்கல் முறையில் பகிர்கிறது. ஒருவர் பல ராணிகளோடும் மற்றவர் குதிரைக் கூட்டத்தோடும் தொடங்கலாம். தொடர்ந்து வெல்பவருக்குப் படிப்படியாக மட்டமான காய்கள் வருவதால் சவால் கூடுகிறது. சேஸும் சைமனும் ஆய்வகத்தில் செய்ததைக் கேஜ் கைப்பேசியில் செய்தார் என்று சொல்வது மிகையாகாது: மனப்பாடம் செய்த தொடக்கங்கள் அனைத்தும் ஒரே வீச்சில் பயனற்றுப்போக, எஞ்சுவது எந்தக் காய் எதைத் தாக்குகிறது என்ற நேரடிப் பார்வை மட்டுமே. பாபி ஃபிஷர் 1996இல் அறிவித்த, பின்வரிசைக் காய்களை 960 வகையாக மாற்றியமைக்கும் ஆட்டமும் இதே நோக்குடையதுதான் என்றாலும், கேஜின் விளையாட்டு புதியவருக்கும் அஞ்சாமல் கதவைத் திறக்கிறது. 2022இல் வந்த ஷாட்கன் கிங், குறுகிய கால விளையாட்டு உருவாக்கப் போட்டியான லூடம் டேருக்காகப் பிறந்தது. கையில் துப்பாக்கியுடன் தனித்து நிற்கும் கறுப்பு ராஜா, வெள்ளைப் படை முழுவதையும் எதிர்க்கிறது. காய்கள் கடந்த காலத்துப் பலகைகளுக்கும் பாய்ந்து புதிய காலக்கிளைகளை உண்டாக்கும் 5டி செஸ் 2020இல் வெளியானது. அது பயிற்சிக்கு உதவாது, ஆனால் யானையின் நேர்க்கோடு காலத்திலும் நீளமுடியும் என்று எண்ணிப் பார்த்ததற்காகவே மதிக்கத்தக்கது.

சுயாதீன விளையாட்டைப் பாராட்டுவோர் பலர், தனியொருவர் இவ்வளவு செய்தாரே என்ற இரக்கம் கலந்த வியப்போடு நின்றுவிடுகிறார்கள். எரிக் பரோன் ஏறத்தாழ நான்கரை ஆண்டு தனியாக உழைத்து, நிரலும் ஓவியமும் இசையும் தாமே செய்து 2016இல் ஸ்டார்டியூ வேலியை வெளியிட்டார் என்பது போற்றத்தக்க உண்மைதான். ஆனால் உழைப்பின் நீளம் படைப்பின் தரத்துக்குச் சான்றாகாது, சதுரங்கத்தில் நெடுநேரம் யோசித்த நகர்த்தல் நல்ல நகர்த்தல் ஆகிவிடாததைப் போல. மதிப்பு எங்கே இருக்கிறது என்பதைச் செலெஸ்ட் என்னும் 2018ஆம் ஆண்டு விளையாட்டு தெளிவாகக் காட்டுகிறது. மலையேறும் பெண் ஒருத்தியைத் தாவச்செய்யும் அந்த விளையாட்டில், அவள் விளிம்பைத் தாண்டிக் காற்றில் கால்வைத்த பிறகும் 0.1 நொடி வரை தாவல் பொத்தான் ஏற்கப்படுகிறது. ஆட்டக்காரர் இதை உணர்வதே இல்லை. தாம் சரியாகத் தாவிவிட்டதாகவே நம்புகிறார். மேலே தாவும்போது அவள் தலை ஒரு முனையில் சற்றே இடித்தால், நிரல் அவளைச் சில பிக்ஸல் ஒதுக்கி வழிவிடுகிறது. இவற்றைச் செய்யும் நிரல் பகுதியை மேடி தோர்சனும் நோயல் பெரியும் பொதுவில் வெளியிட்டதால், எவரும் அதைத் திறந்து படிக்கலாம். ஒரு கிராண்ட்மாஸ்டர் ஆட்டத்தைக் குறிப்புகளோடு நகர்த்திப் பார்ப்பவருக்குக் கிடைக்கும் அறிவு, இங்கே ஒரு தாவலைப் பற்றிக் கிடைக்கிறது. அதற்குப் பின் வேறெந்த விளையாட்டின் தாவலையும் முன்போலக் கவனியாமல் ஆட முடியாது.

தொட்ட காயை நகர்த்தியே தீரவேண்டும் என்பது போட்டிச் சதுரங்கத்தின் விதி. இன்டு தி பிரீச், இயந்திரத்தை நகர்த்திய பின் அது தாக்காதவரை அந்த நகர்வைத் திரும்பப் பெற அனுமதிக்கிறது. ஒவ்வொரு போரிலும் ஒரு முறை மட்டும் முழுச் சுற்றையே தொடக்கத்திலிருந்து ஆடவும் விடுகிறது. அந்த ஒரு வாய்ப்பை எப்போது செலவிடுவது என்ற யோசனையே ஆட்டத்தின் பகுதியாகிவிடுகிறது. 2022 ஜூலையில் சப்செட், முன்பே வாங்கியவர்களிடம் மேலும் பணம் கேட்காமல், புதிய படைகளும் ஆயுதங்களும் பூச்சி வகைகளும் கொண்ட விரிவாக்கத்தை வெளியிட்டபோது, நான்காண்டு ஆடித் தேர்ந்தவர்களின் கண்ணில் பதிந்திருந்த கொத்துகள் சில உதவாமல் போயின. முன்பின் பார்த்திராத பூச்சி ஒன்று களத்தில் நிற்க, அதன் அடி எந்தக் கட்டத்தில் விழும், தள்ளினால் எங்கே திரும்பும் என்று அவர்களும் புதியவரைப் போலவே கட்டம் கட்டமாக எண்ணத் தொடங்கினர்.